டைரக்டர் கரை திரும்பவில்லை

நாஞ்சில் நாட்டில் அறிவு எந்த இடத்தில் உதித்தது என்று பிற்காலத்தில் ஆராயப்போகிறவர்கள், எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் நாகர்கோவில் செட்டிக்குளத்தில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடையின் மாடிக்குத்தான் வந்து சேர்வார்கள். அதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த மாடியில்தான் 'ஆப்ஜெக்ட் வேர்ல்டு இன்டர்நேஷனல்' என்ற கணினிப் பயிற்சி மையம் இயங்கியது. 2006 முதல் அங்கே நான் 'சீனியர் ஃபேகல்டி'. ஜூனியர் ஃபேகல்டி என்று யாரும் இல்லாததால் என் பதவியின் கனம் குறைந்துவிடவில்லை. டைரக்டர், நான், வரவேற்பில் கிருஷ்ணப்ரியா என்று மூன்றே பேர் சேர்ந்து ஒரு மாவட்டத்தின் இருளை விரட்டிக்கொண்டிருந்தோம்.

'இன்டர்நேஷனல்' என்ற சொல்லை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. டைரக்டரின் மச்சினர் மஸ்கட்டில் இருந்தார்.

எங்கள் டைரக்டர் டாக்டர் பகவதியப்பன் 2003 வரை அதே மாடியில் தட்டச்சுப் பயிற்சி நடத்தியவர். பிறகு ஒரே தாவில் 'எண்டர்பிரைஸ்' துறைக்கு வந்துவிட்டார். விசைப்பலகை இரண்டுக்கும் ஒன்றுதானே என்பது அவருடைய வாதம். டாக்டர் பட்டம் தபாலில் வந்தது. வந்த அன்று தபால்காரருக்குக் கூட ஒரு பொட்டலம் சிப்ஸ் கொடுத்தார்.

நாங்கள் நடத்திய படிப்பின் பெயர் 'எண்டர்பிரைஸ் வெப் அப்ளிகேஷன் டெவலப்மென்ட் வித் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் ஃபிரேம்வொர்க்ஸ்'. இதை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்ததாக அர்த்தம் என்பார் டைரக்டர். மீதிப் பாதி மூச்சு வாங்குவதில் கழிந்தது.

பெரிய பெரிய கம்பெனிகள் வலைத்தளங்கள் கட்டப் பயன்படுத்தும் சட்டகங்களை நாங்கள் உள்ளூர் மண்ணோடு குழைத்துக் கொடுத்தோம். 'ஸ்ட்ரட்ஸ்' என்றால் முட்டு. குலை தள்ளிய வாழை சாயாமலிருக்க முட்டுக் கொடுக்கிறோமே, அதுதான். 'ஸ்பிரிங்' பற்றிச் சொல்லவே வேண்டாம், அஞ்சுகிராமம் பஸ்ஸில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அறிந்தது. 'ஹைபர்நேட்' என்றால் நீண்ட உறக்கம் என்று அகராதி சொல்கிறது. அந்தப் பாடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் செய்முறையாகவே நடந்தது.

அந்த ஆண்டுகளில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. மின்சாரம் இல்லை என்று எங்கள் வகுப்பு ஒரு நாளும் நின்றதில்லை. நான் புத்தகத்தை வாசிப்பேன், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். மின்சாரம் இருக்கும்போதும் அப்படியேதான் நடந்தது.

மாணவர்களின் அறிவுத்தாகத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். ஒரு நாள் டைரக்டரே வந்து ஜாவா என்ற கணினி மொழியில் 'இன்ஹெரிடன்ஸ்' பாடம் எடுத்தார். தாய் வகுப்பில் உள்ள குணமெல்லாம் பிள்ளை வகுப்புக்குச் சொத்து மாதிரி இறங்கும் என்று விளக்கினார். சுசீந்திரத்திலிருந்து வரும் ஆறுமுகப்பெருமாள் எழுந்தான்.

"சார், ஜாவாவில சொத்து மக்கள்வழியா, மருமக்கள்வழியா?"

"என்னடே கேக்க?"

"எங்க பாட்டாவுக்க தாத்தா காலத்துல சொத்து மருமவனுக்குத்தான் போவுமாம். மாமன்கிட்டேருந்து வாங்க முடியுமாண்ணு கேக்கேன்."

டைரக்டர் கண்ணை மூடி யோசித்தார். மருமக்கள்வழி ஒழிந்து எண்பது வருடம் ஆகிறது, ஆனால் ஜாவா தயாரித்தவர்களுக்கு அது தெரியுமா என்பது நிச்சயமில்லை. "இத மெயில் போட்டுக் கேட்டுச் சொல்லுதேன்" என்றார். எங்கள் மையத்தில் தெரியாததைத் தெரியாது என்று ஒரு போதும் சொல்ல மாட்டோம்.

இப்படி அறிவு பெருகி ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் 2010 ஏப்ரலில் குளச்சலிலிருந்து ஜின்சி வந்தாள். பொறியியல் முடித்தவள். கூடவே அவளுடைய அம்மா விக்டோரியா. குளச்சல் ஏலக்கூடத்தில் மீன் எடுத்துச் சந்தையில் விற்பவர். எனக்கு எதிரில் உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்க மொவ இஞ்ச என்ன படிக்கப்போறா? எனக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க, சார்."

பாமரருக்கும் புரியும்படி சொல்வதில் எனக்குத் தனிப் பெயர் உண்டு. "அம்மா, 'கிளாஸ்' என்று ஒன்று. உங்களுக்காகச் சொன்னால், மீன் ஒரு கிளாஸ். அதில் 'நீந்து', 'முட்டையிடு' என்று இரண்டு கட்டளை எழுதிவிட்டால் போதும். சாளை, அயிலை, நெத்தோலி எல்லாம் அதையே வாங்கிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டாம்."

விக்டோரியா உடனே கேட்டார். "திரச்சி மீனு குட்டியில்லா போடும்?"

"அது விதிவிலக்கு. அதற்கு 'ஓவர்ரைடு' என்று ஒரு வசதி இருக்கிறது."

"சுறாவிலயும் குட்டி போடுதது உண்டு."

"அதற்கும் ஓவர்ரைடு."

"கணவாய்க்கு முள்ளே கெடையாது. எறாலுக்கு ஓடு. ரெண்டயும் மீனுண்ணு சொல்லித்தான் நாங்க விக்கியோம். உங்க கணக்குல அது மீனா, இல்லியா?"

நான் விலங்கியல் பட்டதாரி. எனவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருந்தது. பதில்தான் இல்லை. "அது அடுத்த மாட்யூலில் வரும்" என்றேன்.

ஜின்சி சொன்னாள். "அம்மா சொல்லுதது செரிதான், சார். எல்லாத்தயும் மீனுக்குக் கீழ கெட்டினா இப்படித்தான் முட்டும். நீந்துதது ஒரு தனி ஒப்பந்தம், முட்டையிடுதது வேற ஒப்பந்தம்ணு பிரிச்சு வச்சா, எதுக்கு எது வேணுமோ அத எடுத்துக்கிடலாமே?"

அவள் அப்போது இன்னும் விண்ணப்பப் படிவத்தையே நிரப்பியிருக்கவில்லை. சேராத மாணவியின் கேள்விக்குப் பதில் சொல்வது மையத்தின் விதிமுறைகளில் இல்லை. படிவத்தை நீட்டினேன்.

நான்கு மாதம் கழிந்தது. 'ப்ராஜெக்ட்' பருவம் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் மையத்தின் மகத்தான ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தன் சொந்த முயற்சியில் ஒரு மென்பொருள் உருவாக்கிக் காட்ட வேண்டும் என்பது விதி. அதற்காக ஒரு குறுந்தகடு வைத்திருந்தோம். அதில் 'நூலக மேலாண்மை' என்ற மென்பொருள் தயாராக இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நூலகங்களைவிட எங்கள் மாணவர்கள் 'உருவாக்கிய' நூலக மென்பொருள்களின் எண்ணிக்கை அதிகம். முந்தின மாணவரின் பெயரை எடுத்துவிட்டுப் புதிய மாணவரின் பெயரைப் போடுவது என் பொறுப்பு. கணினியில் தேடி மாற்றும் வசதி ஒன்று உண்டு. பழைய பெயரை ஒரு கட்டத்தில், புதிய பெயரை மறு கட்டத்தில் அடித்து ஒரு பொத்தானைத் தட்டினால், எல்லாக் கோப்புகளிலும் நொடியில் மாறிவிடும். கணினித் துறையில் எனக்கு ஐயந்திரிபறத் தெரிந்த பகுதி அதுதான்.

ஜின்சி குறுந்தகட்டை வாங்க மறுத்துவிட்டாள்.

"எனக்கு நூலகம் வேண்டாம், சார். நான் வள்ளங்களுக்கு ஒரு பதிவேடு செய்யேன்."

"வள்ளத்துக்கா? மீன்பிடிக்கிற வள்ளத்துக்கு எண்டர்பிரைஸ் எதற்கு?"

"போன ஆடியில காத்து அடிச்சப்போ அப்பா போன வள்ளம் ஒரு நாளு பிந்திப்போச்சு. கரையில எல்லாரும் நிக்காவ. எத்தன வள்ளம் போயிருக்கு, எத்தன வரணும்ணு ஒருத்தருக்கும் தெரியல்ல. ஒருத்தரு பதினாலுண்ணாரு, ஒருத்தரு பதினேழுண்ணாரு. தேடிப் போவணும்னா எத்தன வள்ளத்தத் தேடுதது? அம்மா ஒரு பகல் முழுக்கத் தண்ணி கூடக் குடிக்காம நிண்ணா."  நோட்டைத் திறந்து வாசித்தாள். "வள்ளம் பேரு, ஆட்கள் பேரு, போன நேரம், போன திசை, வரவேண்டிய நேரம். நேரம் தாண்டினா சர்ச்சுல உள்ள பங்கு அலுவலகத்துக்கும் வீட்டாளுகளுக்கும் ஃபோன்ல மெசேஜ் போவணும். இவ்வளவுதான்."

உருக்கமான விஷயம்தான். ஆனால் உருக்கம் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. "உன் இஷ்டம். உதவி கேட்டு என்னிடம் வரக் கூடாது" என்று பெருந்தன்மையாக அனுமதித்தேன்.

அவள் ஒருமுறை மட்டும் வந்தாள். திரையில் முப்பது நாற்பது வரிக்கு ஆங்கிலத்தில் பிழைச் செய்தி ஓடியிருந்தது. பிழை வந்தால் கணினியை அணைத்துத் திரும்ப எழுப்புவது எங்கள் மையத்தின் வழிமுறை. அதைச் சொன்னேன். அவள் அணைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அதை வாசிக்க ஆரம்பித்தாள். பிழையை வாசிக்கிற மாணவியை அதற்கு முன் நான் கண்டதில்லை. கொஞ்சம் அநாகரிகமாகக்கூட இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போல.

அதன்பிறகு அவள் புத்தகத்தின் பக்கங்களை எங்கள் மாணவர்களைப் போல நோட்டுக்கு ஏற்றாமல் கணினிக்குள் இறக்கினாள். புத்தகத்தில் இல்லாததைக் குளச்சலில் ஒரு இன்டர்நெட் சென்டரில் தேடி எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். அக்டோபரில் வேலை முடிந்தது. ஒரு பழைய கைபேசியைக் கம்பி போட்டுக் கணினியோடு இணைத்திருந்தாள். பதிவேட்டில் ஒரு வள்ளத்தின் நேரம் தாண்டியதும் திரையில் அந்த வரி சிவந்தது. என் சட்டைப் பைக்குள் கைபேசி சிணுங்கியது.

டைரக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது போலிருந்தது.

"ராஜையா" என்றார் என்னிடம், "இதத்தான் நான் பத்து வருசமா மனசுல கெட்டி வச்சிருந்தேன்."

அவ்வளவு காலம் அவர் மனதுக்குள் இருந்தது எப்படி ஜின்சியின் கணினிக்குள் வந்தது என்பதை நான் கேட்கவில்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு அறிவு பாய்வது இப்படித்தான்.

உடனே விழா ஏற்பாடு நடந்தது. குளச்சலில் ஒரு மண்டபம். பங்குத்தந்தை தலைமை. சிறப்பு விருந்தினர் ஸ்மிதா என்ற அம்மையார். மார்த்தாண்டத்துக்காரர், திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பிரிவுத் தலைவர். அந்தக் கம்பெனியோடு 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' ஒன்று போட்டுவிட வேண்டும் என்பது டைரக்டரின் திட்டம்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் ஜின்சி எல்லாவற்றையும் ஒரு மடிக்கணினியில் பொருத்திவிட்டு எனக்குச் சொல்லித் தந்தாள். "மாதிரிக்கு ஒரே ஒரு வள்ளம் போட்டிருக்கேன், சார். அது காலம்ப பத்து மணிக்குக் கரைக்கு வரணும். நீங்க பதினோரு மணிக்குத் தொறக்கும்போ பிந்திப்போயிருக்கும். நம்பர் தந்த எல்லாருக்கும் மெசேஜ் போவும். பொறவு என்னய மேடைக்குக் கூப்பிடுங்க. வந்தாச்சுண்ணு அமுக்கிக் காட்டுதேன். அதுவரைக்கும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா அது மெசேஜ் விட்டுட்டே இருக்கும்."

அவள் போனதும் டைரக்டரிடமிருந்து எனக்கு எழுத்து மூலமாக ஒரு அலுவலகக் குறிப்பு வந்தது. 'மென்பொருளில் உருவாக்கியவர் பெயரில் காணப்படும் எழுத்துப்பிழையை நீக்கி, டாக்டர் பகவதியப்பன் எனத் திருத்தம் செய்து, இணக்க அறிக்கை தரவும்.'

ஜின்சி என்ற மூன்று எழுத்தில் பகவதியப்பன் என்று எழுத முயன்றால் பிழை வரத்தானே செய்யும். நான் தேடி மாற்றும் வசதியைத் திறந்தேன். ஒரு கட்டத்தில் பிழை, மறு கட்டத்தில் திருத்தம். 'நூற்று எண்பத்து நான்கு இடங்களில் மாற்றப்பட்டது' என்று கணினி அறிவித்தது. ஒரு மாணவி ஒரே பிழையை நூற்று எண்பத்து நான்கு முறை செய்திருக்கிறாளே என்று வருந்தினேன். உண்மையைச் சொன்னால், பொத்தானைத் தட்டும் முன் விரல் ஒரு கணம் நின்றது. அலுவலகக் குறிப்பை மறுபடி வாசித்தேன். அதில் முத்திரை இருந்தது. தட்டிவிட்டேன்.

மறுநாள் மண்டபத்தில் கடற்கரை ஆட்கள் நூறு பேர் இருந்தார்கள். பதிவேட்டுக்குக் கைபேசி எண் கொடுத்தவர்கள் அதில் முப்பது பேர். ஜின்சி மூன்றாம் வரிசையில் விக்டோரியாவுக்கும் அப்பா ததேயுஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ததேயுஸ் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

டைரக்டர் நாற்பது நிமிடம் பேசினார். கடலையும் கணினியையும் ஒப்பிட்டார். இரண்டிலும் வலை உண்டு என்றபோது கைதட்டல் எழுந்தது. பிறகு, "எனக்க பத்து வருச ஒழப்ப உங்க காலடியில வைக்கேன்" என்று எனக்குச் சைகை காட்டினார். நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

திரையில் முதலில் வந்தது: 'உருவாக்கியவர்: டாக்டர் பகவதியப்பன்.'

ஜின்சி என்னைப் பார்த்தாள். நான் ப்ரொஜெக்டரின் குவியத்தைச் சரிசெய்வதில் ஈடுபட்டேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அடுத்து பதிவேடு வந்தது. ஒரே ஒரு வரி. 'வள்ளத்தின் பெயர்: டாக்டர் பகவதியப்பன்.' ஆட்கள் என்ற இடத்தில் நான்கு பெயர்கள். 'வரவேண்டிய நேரம்: காலை பத்து.' நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி சிவந்தது. மண்டபத்தில் முப்பது கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின.

'டாக்டர் பகவதியப்பன் குறித்த நேரத்தில் கரை திரும்பவில்லை. கண்டவர்கள் பங்கு அலுவலகத்தில் உடனே தெரிவிக்கவும்.'

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கரையில் அப்படி ஒரு செய்திக்குச் சிரிக்கிற வழக்கம் இல்லை. கைபேசியை வாசித்தார்கள். மேடையைப் பார்த்தார்கள். மறுபடி கைபேசியைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர் மெய்யான கவலையோடு எழுந்தார்.

"சார் இஞ்சதானே நிக்காரு. பொறவு ஆருக்க சடலத்தத் தேடச் சொல்லுதிய?"

"இது ஒரு எண்டர்பிரைஸ் லெவல் சிமுலேஷன்" என்றார் டைரக்டர்.

அப்போது ததேயுஸ் எழுந்து நின்றார். "ஃபாதர், அந்த நாலு ஆளும் எனக்க வள்ளத்து ஆளுவ. அது எனக்க வள்ளம். அதுக்கு எனக்க மொவ பேரு. பதினெட்டு வருசமா 'ஜின்சி'ண்ணுதான் எழுதியிருக்கு. இப்ப பேர மாத்தினது ஆரு?"

அவள் மாதிரிக்காகப் போட்டிருந்தது தன் அப்பாவின் வள்ளத்தை. வள்ளத்துக்கும் அவள் பெயர். நான் திருத்திய நூற்று எண்பத்து நான்கு பிழைகளில் அதுவும் ஒன்றாக இருந்துவிட்டது.

ஸ்மிதா அம்மையார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர், செரி. இப்ப உங்கள எப்படிக் கரையேத்துதது? அதக் காட்டுங்க."

டைரக்டர் அங்கும் இங்கும் தட்டினார். கணினி கடவுச்சொல் கேட்டது. டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜின்சியைப் பார்த்தேன். முப்பது கைபேசிகளும் இரண்டாம் தடவை அலறின. இந்தத் தடவை சிரித்துவிட்டார்கள். பங்குத்தந்தை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஸ்மிதா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இது யாரு எழுதினது?"

ஒரு சொல். நான் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் நான் நிறுவனத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவன்.

"டீம் ஒர்க்" என்றேன்.

"டீமில யாரு?"

"டீம்தான்."

ஜின்சி மேடைக்கு ஏறி வந்தாள். எனக்குப் பக்கத்தில் நின்று, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"எல்லா இடத்துலயும் ஒரேயடியா மாத்தினீங்களா, சார்?"

"ஆமாம்."

"பாக்காமலா?"

"ஆமாம்."

"ஒவ்வொண்ணாப் பாத்து மாத்தியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது." அதில் கோபம்கூட இல்லை. வேலை தெரியாதவனைப் பார்த்து வேலை தெரிந்தவர்களுக்கு வரும் இரக்கம்தான் இருந்தது. என் ஆசிரியப் பணியில் நான் கேட்ட முதல் உருப்படியான பாடம் அது.

அவள் கடவுச்சொல்லை அடித்தாள். ஒரு பொத்தானை அமுக்கினாள். சிவந்த வரி பச்சையானது. முப்பது கைபேசிகளுக்கும் செய்தி போனது: 'டாக்டர் பகவதியப்பன் பத்திரமாகக் கரை சேர்ந்தார்.' முன்வரிசையில் ஒரு பெண் பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு ஸ்மிதா மேடை ஓரத்தில் ஜின்சியை நிறுத்தி ஏதேதோ கேட்டார். நேரம் பார்ப்பதை ஏன் தனியாகப் பிரித்தாய், செய்தி அனுப்பும் பகுதி கெட்டுப்போனால் பதிவேடு என்ன ஆகும், நாளைக்கு ஆயிரம் வள்ளம் வந்தால் தாங்குமா. ஜின்சி சொன்னாள். தாங்காத இடத்தைத் தாங்காது என்றும் சொன்னாள். ஸ்பிரிங், ஹைபர்நேட் என்று அவர்கள் பேசிய சொற்களெல்லாம் நான் நான்கு ஆண்டுகளாகக் கற்பித்து வந்தவை. அவற்றுக்கு அர்த்தம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

ஒப்பந்தம் போடாமலே ஸ்மிதா காரில் ஏறிப் போனார்.

மறுநாள் மையத்தில் 'ஒழுங்கு நடவடிக்கைக் குழு' கூடியது. டைரக்டர் தலைவர், நான் செயலர். குற்றம் ஒன்று: மையத்தின் டைரக்டரைப் பொதுமக்கள் முன்னிலையில் கடலில் காணாமல் போகச் செய்தது. குற்றம் இரண்டு: கடவுச்சொல்லைத் தெரிந்துவைத்திருந்தது. தண்டனை: சான்றிதழ் நிறுத்திவைப்பு. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கிருஷ்ணப்ரியாவுக்கு வாக்குரிமை இல்லை. சாயா கொண்டுவந்து வைக்கும்போது, "கொஞ்சம் நாணமாவது வேண்டாமா" என்று அவள் சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் நான் சேர்க்கவில்லை.

சான்றிதழ் கேட்டு விக்டோரியா வந்தார். ஜின்சி வாசலிலேயே நின்றாள்.

"எனக்க மொவ என்ன குத்தம் செஞ்சா?"

"டைரக்டரைக் காணாமல் போகச் செய்தார், அம்மா."

"அவதானே திருப்பிக் கொண்டுவந்து விட்டா?"

எங்கள் மையத்தில் சிலர் அதைத்தான் பெரிய குற்றமாகக் கருதினோம். ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது.

"விதி என்று ஒன்று இருக்கிறது, அம்மா."

விக்டோரியா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஏலத்தில் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்ததும் பார்க்கிற பார்வை. செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட அவருக்கு இருக்கவில்லை.

"வா மக்கா" என்றார் மகளிடம். "இது நேத்தே கெட்டுப்போனது."

இரண்டு வாரத்தில் ஸ்மிதாவின் கம்பெனியில் ஜின்சிக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. அங்கே சான்றிதழ் கேட்கவில்லையாம். அவள் எழுதியதைத் திறந்து காட்டச் சொல்லி, அதில் ஒரு இடத்தைக் கெடுத்து, சரிசெய்யச் சொன்னார்களாம். நல்ல கம்பெனியின் லட்சணம் இப்படியா இருக்கும் என்று டைரக்டர் வருத்தப்பட்டார். வேலை கிடைத்துவிட்டது.

அவள் போகும் முன் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தி, பதிவேட்டைப் பங்கு அலுவலகத்தில் நிறுவிக் கொடுத்தாள். அடுத்த ஆடியில் காற்று பலமாக அடித்த ஒரு மதியம், இரண்டு வள்ளங்கள் நேரம் தாண்டின என்று கரையெல்லாம் கைபேசிகள் அலறின. எந்த இரண்டு, யார் யார், எந்தத் திசை என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. அரை மணியில் ஆட்கள் தேடிப் போனார்கள். எஞ்சின் நின்று அலைந்துகொண்டிருந்த இரண்டையும் பொழுது சாயும் முன்னே கட்டி இழுத்து வந்தார்கள். ஒன்பது பேர். ஒன்பது பேரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். அதில் எங்கள் மையத்தின் பங்கு என்னவென்று கேட்டால், அந்தப் பதிவேட்டை நாங்கள் அதன்பின் தொடவில்லை. அதைவிடப் பெரிய உதவியை எங்களால் செய்திருக்க முடியாது.

அந்தச் செய்தி பத்திரிகையில் வந்த அன்றே டைரக்டர் ஒழுங்கு நடவடிக்கையைக் கருணையோடு ரத்து செய்தார். ஜின்சியின் விண்ணப்பப் படிவத்தில் ஒட்டியிருந்த படத்தை நான் கவனமாக உரித்தெடுத்தேன். செட்டிக்குளத்திலிருந்து தக்கலை வரை ஃப்ளெக்ஸ் பலகைகள் எழுந்தன. 'எங்கள் தயாரிப்பு' என்ற எழுத்துக்குக் கீழே ஆளுயரத்துக்கு ஜின்சி சிரித்தாள். அவளிடம் அனுமதி கேட்கவில்லை. பெற்ற பிள்ளையின் படத்தை மாட்ட யாராவது அனுமதி கேட்பார்களா. கூட்டம் அலைமோதியது. தக்கலையில் கிளை திறந்தோம்.

2012 ஜூனில் அஞ்சுகிராமத்திலிருந்து ஞானதாசன் என்பவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தென்னை, வாழை வைத்திருப்பவர். விவரமான மனிதர். ஃப்ளெக்ஸை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"சார், ஒளிக்காம ஒரு காரியம் சொல்லணும். படத்துல உள்ள இந்தப் பிள்ளையத் தவிர, இந்தக் கோர்ஸால இதுவர மொத்தம் எத்தன பேருக்கு வேல கிடச்சிருக்கு?"

அவர் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. விரல் விட்டு எண்ணினேன். டைரக்டர் ஒன்று. நான் இரண்டு. கிருஷ்ணப்ரியா. இங்கே புதிதாக எடுத்த ஜூனியர் ஃபேகல்டி இரண்டு பேர். தக்கலைக் கிளையில் இரண்டு பேர். ஃப்ளெக்ஸ் கட்டுவதற்கென்றே வைத்திருக்கிற ஒருவர்.

"எட்டுப் பேருக்கு" என்று சொல்லி விண்ணப்பப் படிவத்தை நீட்டினேன்.